ஒரு போட்டோ, ஒரு பதக்கம்: போர்க்கால விமானப்படையில் தாத்தா என்ன செய்தார் என்று தேடுவது எப்படி?

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஏர்ஃபோர்ஸில் இருந்தார். பர்மாவில் விமானம் ஓட்டினார் என்று வீட்டில் சொல்வார்கள். 1946-ல் ஊருக்கு வந்து ரயில்வேயில் சேர்ந்தார். இப்போது கையில் இருப்பவை சீருடையில் எடுத்த ஒரு போட்டோவும், ‘பர்மா ஸ்டார்’ என்று பொறித்த ஒரு பதக்கமும்தான். போட்டோவில் சட்டைக் கையில் இரண்டு இதழ் உள்ள விசிறி மாதிரி ஒரு சின்னம் தெரிகிறது. விவரம் கேட்டு யாருக்கு எழுதுவது?"

எழுதுவதற்கு முன்னால் அந்தப் போட்டோவை நிதானமாகப் பாருங்கள். நீங்கள் விசிறி என்று சொல்வது விமானத்தின் புரொப்பல்லர். இரண்டு இதழ் புரொப்பல்லர் சின்னம் ‘லீடிங் ஏர்கிராஃப்ட்மேன்’ என்ற பதவிக்கு உரியது. பைலட் என்றால் இடது மார்பில், பாக்கெட்டுக்கு மேலே, இருபுறமும் விரிந்த சிறகு இருக்கும். நேவிகேட்டர், ஏர் கன்னர் போன்றவர்களுக்கு ஒற்றைச் சிறகும் அதையொட்டிய வட்டத்துக்குள் எழுத்தும் இருக்கும். மார்பில் சிறகு இல்லாமல் கையில் புரொப்பல்லர் மட்டும் இருந்தால், உங்கள் தாத்தா அநேகமாக விமானம் ஓட்டவில்லை. தரையில் வேலை பார்த்தவராக இருப்பார். ஃபிட்டர், ரிக்கர், ஆர்மரர், வயர்லெஸ் மெக்கானிக், கிளார்க் என எதுவாகவும் இருக்கலாம்.

இதைக் கேட்டு வீட்டில் யாரும் முகம் வாட வேண்டியதில்லை. படிவம் 700 என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் அது தனியாக இருக்கும். எஞ்சினைப் பார்த்தவர், சட்டகத்தைப் பார்த்தவர், துப்பாக்கியைப் பார்த்தவர் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைலட் கையெழுத்துப் போட்டு விமானத்தை எடுப்பார். பர்மாவின் மேற்குக் கடலோரமான அரக்கான் பகுதியில், மழையில் சேறாகிப்போகும் ஓடுதளங்களில், ஹரிகேன் விமானங்களைத் தினமும் பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்கள் இவர்கள்தான். 1945-ல் இந்திய விமானப்படையில் சுமார் 28,500 பேர் இருந்தார்கள். அதில் அதிகாரிகள் சுமார் 1,600 பேர். மற்ற எல்லோரும் உங்கள் தாத்தாவைப் போன்றவர்களே.

போட்டோவில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சின்னங்களில் ‘ஆர்.ஐ.ஏ.எஃப்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது 1945 மார்ச்சுக்குப் பிறகு எடுத்த படம். ‘ராயல்’ என்ற அடைமொழி அப்போதுதான் வந்தது. அடுத்தது, அட்டையின் பின்பக்கம். ஸ்டூடியோ முத்திரையில் அம்பாலா, லாகூர் என்று இருந்தால் பயிற்சிக் காலமாக இருக்கலாம். திருச்சி என்று இருந்தால் உடனே கவனியுங்கள்: 6-ஆம், 8-ஆம் ஸ்குவாட்ரன்கள் (விமானப் படைப்பிரிவுகள்) 1942 டிசம்பரில் திருச்சியில்தான் தொடங்கப்பட்டன.

பதக்கத்தைப் பற்றி அளவோடு நம்புங்கள். பர்மா ஸ்டார் கிடைத்திருப்பதால் அவர் பர்மா மண்ணை மிதித்தார் என்று ஆகிவிடாது. குறிப்பிட்ட காலங்களில் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் போர்ப் பணியில் இருந்தவர்களுக்கும் அது தரப்பட்டது. இந்த நட்சத்திரங்கள் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமல் தரப்பட்டன, ஆனால் இந்தியர்களுக்குத் தரப்பட்டவற்றின் பின்பக்கத்தில் சர்வீஸ் நம்பரும் பெயரும் பொறிக்கப்பட்டன. அதனால் பதக்கத்தைத் திருப்பிப் பெயரோ எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அசல் வேலை. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: தாத்தாவின் சர்வீஸ் நம்பர். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், சம்பளப் புத்தகம், பதக்கம் வந்த பெட்டியில் இருக்கும் துண்டுச் சீட்டு, பழைய கடித உறைகள் எல்லாவற்றிலும் தேடுங்கள். வீட்டில் எதுவும் இல்லையென்றால் ரயில்வே பக்கம் போங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படையிலிருந்து வந்து அரசு வேலையில் சேர்ந்தவர்களின் சர்வீஸ் ரிஜிஸ்டரில் முந்தைய போர்க்காலப் பணி குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. பாட்டி குடும்ப ஓய்வூதியம் வாங்கியிருந்தால் அந்தப் பென்ஷன் ஆணையின் எண்ணைக் கொண்டு கோட்டப் பணியாளர் பிரிவில் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒருமுறை விசாரியுங்கள். தாத்தா அங்கே பெயர் பதிந்திருந்தால் எண் கிடைத்துவிடும்.

எண் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மனு போக வேண்டிய இடம் டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ரெக்கார்ட் ஆபீஸ். ஏர்மேன்களின், அதாவது அதிகாரி அல்லாத விமானப்படையினரின், ஆவணங்களைக் கவனிப்பது அதுதான். அதிகாரிகளாக இருந்தவர்களுக்கு விமானப்படைத் தலைமையகம். முதலில் சாதாரணக் கடிதமாக, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களுடன் எழுதுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. ‘தனிநபர் தகவல், தர முடியாது’ என்று பதில் வந்தால், அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகளுக்கு, மூன்று விதிவிலக்குகளைத் தவிர, மற்ற மறுப்புக் காரணங்கள் செல்லாது என்கிறது அது. தனிநபர் தகவல் அந்த மூன்றில் இல்லை.

மனுவில் பெயரை எழுதும் இடத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் சறுக்குகிறார்கள். தாத்தா தன் பெயரைத் தமிழில் எப்படி எழுதினார் என்பது முக்கியமில்லை. ஆள் எடுத்த கிளார்க் ஆங்கிலத்தில் எப்படி எழுதினார் என்பதே முக்கியம். சுப்பிரமணியன் ஒருவர் ‘ம்’ என்றும் ‘ன்’ என்றும் முடியலாம். ராமசாமி, ராமஸ்வாமி ஆகியிருக்கலாம். ஒற்றை இனிஷியல் அப்பா பெயராக விரிந்து, அதுவே கடைசிப் பெயராகப் பதிவாகியிருக்கலாம். ஊர்ப் பெயரோ சாதிப் பெயரோ ஒட்டியிருக்கலாம். சாத்தியமான எழுத்துக் கூட்டல்கள் எல்லாவற்றையும் தாருங்கள். அப்பா பெயர், கிராமம், தாலுகா, பிறந்த ஆண்டு கட்டாயம். மாவட்டத்தை அன்றைய பெயரில் எழுதுங்கள். கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி ஜில்லா. தூத்துக்குடி மாவட்டம் என்று 1943-ன் பதிவேட்டில் தேடினால் எதுவும் கிடைக்காது. ‘எந்தெந்த யூனிட்டில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை’ என்று குறிப்பாகக் கேளுங்கள்.

யூனிட் தெரிந்தவுடன் கதை விரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் நாட்குறிப்பு வைத்திருந்தது. படிவம் 540-ல் அன்றாட நிகழ்வுகள். படிவம் 541-ல் எந்த விமானம், யார் ஓட்டியது, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்ற விவரம். டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஏ.ஐ.ஆர். 27’ வரிசையையும் பாருங்கள். அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் எண்ணை மட்டும் கொடுத்துத் தேடாதீர்கள். பிரிட்டிஷ் விமானப்படையிலும் ஒரு 6-ஆம் ஸ்குவாட்ரன் உண்டு. அது வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்தது. நம் 6-ஆம் ஸ்குவாட்ரன் மெஹர் சிங் தலைமையில் அரக்கான் முனையில் உளவுப் பறப்புகள் செய்தது. தாத்தா பர்மா முனையில் இருந்தார் என்பதை மனத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

அந்த நாட்குறிப்பில் தாத்தாவின் பெயர் வராமலே போகலாம். பைலட்டுகள் பெயரோடு வருவார்கள், தரைப்பணியாளர்கள் ‘பன்னிரண்டு ஏர்மேன்கள் வந்து சேர்ந்தனர்’ என்று எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். பரவாயில்லை. அவர் அங்கே இருந்த தேதிகள் உங்களிடம் இருக்குமே. அந்த மாதங்களில் முகாம் எங்கே இருந்தது, எத்தனை விமானம் போனது, எது திரும்பவில்லை என்று படித்தாலே அவர் பார்த்ததைப் பெருமளவு தெரிந்துகொள்ளலாம்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பெரியம்மா, சின்னத் தாத்தா என்று வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். ‘என்ன செய்தார்’ என்று கேட்டால் ‘விமானம் ஓட்டினார்’ என்றுதான் மறுபடி சொல்வார்கள். ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள். இம்பால் என்று ஒருவர் சொன்னால், 1944-ல் அர்ஜன் சிங்கின் 1-ஆம் ஸ்குவாட்ரன் அங்கே இருந்தது, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். போருக்குப் பிறகு ஜப்பான் போனார் என்றால் 4-ஆம் ஸ்குவாட்ரன். ‘ஹவாய் சிப்பாய்’ (வான் சிப்பாய்) என்று யாராவது சொன்னால் தரைப்படை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆரம்ப வருடங்களில் விமானப்படை ஏர்மேனின் பதவிப் பெயரே அதுதான். பெங்களூர் என்று மட்டும் சொன்னால், ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்த காலமாகவும் இருக்கலாம். அதன் ஆவணங்கள் விமானப்படை ரெக்கார்ட் ஆபீஸில் இருக்காது.

போட்டோவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கலரில் ஸ்கேன் செய்து மனுவோடு நகலை மட்டும் அனுப்புங்கள், அசலை அனுப்பாதீர்கள். பதக்கம் கறுத்திருந்தால் அப்படியே இருக்கட்டும். செம்பு கலந்த உலோகம் என்பதால் புளி போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்தால் எழுத்துகள் மழுங்கும், ரிப்பனும் வீணாகும்.