பதில்: கோளக் கலனில் பிந்தைய திரிபு ஏன் முதல் உச்சத்தைத் தாண்டுகிறது?

1 மீட்டர் விட்ட எஃகுக் கோளக் கலனுக்குள் வெடிப்புச் சோதனை. சுவரின் திரிபு (அது எவ்வளவு நீள்கிறது என்ற விகிதம்) முதல் உச்சத்துக்குச் சில மில்லிசெகண்ட் கழித்து அந்த உச்சத்தைப்போல் இரு மடங்கு. திரிபை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். கேஜைக் கழற்றாதீர்கள். இது திரிபு வளர்ச்சி (strain growth), அதாவது முதல் உச்சத்தைப் பிந்தைய ஆட்டம் தாண்டுவது. 1976-லேயே சோவியத் ஆய்வாளர் புசுகோவ் எழுதிவிட்டார்.

உங்கள் கலன் சீராக விரிந்து சுருங்கும் அலைவெண் ஏறத்தாழ 2,700 ஹெர்ட்ஸ். சுவர்த் தடிமன் இந்தக் கணக்கில் வராது, ஆரமும் உலோகமும்தான். சிக்கல், ஓடு வளைந்தாடும் அலைவெண்கள் சிலவும் இதற்கு மிக அருகில் விழுவது. வாய்க்குழாய் (கலனின் திறப்பில் உள்ள குழாய்), மூடியைப் பிணைக்கும் விளிம்பு வளையமான ஃபிளாஞ்ச், தாங்குகால் ஆகியவை சமச்சீரைக் கெடுத்து அந்த ஆட்டங்களைத் தூண்டுகின்றன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கணத்தில்தான் பெரிய திரிபு. சுவரில் மோதித் திரும்பும் அதிர்ச்சி அலையும் சில சமயம் தாளம் தப்பாமல் வந்து உந்தும்.

கணினியில் நீங்கள் ஓட்டிய உருவகக் கணக்கீடு இதைக் காட்டாததில் வியப்பில்லை: வாய்க்குழாயே இல்லாத கால்பகுதிக் கோளத்தை 1 மில்லிசெகண்ட் ஓட்டினால் என்ன தெரியும்? முழுக் கலனையும் வாய்க்குழாயோடு வரைந்து, குறைந்தது 10 மில்லிசெகண்ட் ஓட்டுங்கள். கேஜ்களை வாய்க்குழாய் அருகிலும் நேரெதிர் முனையிலும் ஒட்டுங்கள். வாயைச் சுற்றித் தகடு பற்றவைத்துத் தடிமனாக்குவதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். சமச்சீர் இன்னும் கெடலாம்.