அப்பாவின் இசைத்தட்டுகளுக்கு எந்த பிளேயர்?

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த இசைத்தட்டுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் எல்.பி. (பெரிய தட்டு), சில ஈ.பி. (சிறிய தட்டு), அடித்தட்டில் கனமான பழைய தட்டுகள் பதினைந்து. ஆம்ப்ளிபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வீட்டிலேயே உண்டு. 2,000 வெள்ளி வரை செலவழிக்கலாம். மூடித் தூக்கிப் போகும் பெட்டி பிளேயர் போதுமா, இல்லை ஆம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையில் பார்த்த பழைய ஜப்பான் பிளேயரை வாங்கலாமா? - வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்:

பிளேயர் இருக்கட்டும், முதலில் அந்தப் பதினைந்து கனமான தட்டுகளை வெளியே எடுங்கள். எதை வாங்குவது என்பதை அவைதான் முடிவு செய்யப்போகின்றன.

அவை அநேகமாக 78 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று. அரக்கு கலந்து செய்தவை. கை தவறினால் ஓடு மாதிரி உடையும். எல்.பி. ஓடுவது 33⅓ சுற்றில், ஈ.பி. பொதுவாக 45இல். கடைகளில் இப்போது இருக்கும் பல பிளேயர்களில் 33ம் 45ம் மட்டும்தான் உண்டு. வேகம் மட்டும் இருந்தாலும் போதாது, முள்ளும் மாற வேண்டும். எல்.பி. முள்ளின் நுனி சுமார் 18 மைக்ரான், 78 முள்ளின் நுனி சுமார் 75 மைக்ரான். சின்ன முள்ளை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, பாட்டை விட்டுவிட்டு அங்கே படிந்த அழுக்கை வாசிக்கும். பெரிய முள்ளை எல்.பி.யில் வைத்தாலோ தட்டே பாழ்.

ஆகவே உங்களுக்குத் தேவை மூன்று வேகமும் உள்ள, முள்ளைக் கழற்றி மாட்டக்கூடிய பிளேயர். புதிதாக வாங்குவதென்றால் நான் சொல்வது ஆடியோ டெக்னிக்கா எல்பி120எக்ஸ். அதனுடன் வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜில் (முள் மாட்டியிருக்கும் சிறு பாகம்) முள்ளை மட்டும் கையால் உருவி, அதே வரிசையின் 78 முள்ளைச் செருகலாம். முள் தட்டை அழுத்தும் எடையை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்: எல்.பி.க்கு 2 கிராம், 78க்கு 5 கிராம். உங்கள் பணத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். விலை கடைக்குக் கடை மாறும், நாலு இடத்தில் கேளுங்கள்.

சரி, ஆம்ப்ளிபையருக்கு வருவோம். அதன் பின்புறத்தில் 'போனோ' என்று எழுதிய, இசைத்தட்டு பிளேயருக்கென்றே உள்ள துளை இருக்கிறதா? இல்லாவிட்டால் முதல் பிளேயர் வாங்கிய அன்று நான் பட்ட பாடுதான் உங்களுக்கும். ஏயூஎக்ஸ் என்ற பொதுத் துளையில் செருகி, வால்யூமைக் கடைசி வரை திருகியும் கொசு பாடுவது போல்தான் கேட்டது. பிளேயர் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் சிரிக்காமல் விளக்கியது அவருடைய பெருந்தன்மை.

முள்ளிலிருந்து வரும் மின்சாரம் சுமார் 4 மில்லிவோல்ட்தான். சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட் அளவில், ஏறத்தாழ 500 மடங்கு. சத்தம் குறைவது மட்டுமில்லை. தட்டில் பதியும்போதே பேஸைக் (கீழ் ஒலி) குறைத்து, டிரெபிளை (மேல் ஒலி) ஏற்றித்தான் பதிகிறார்கள். அப்படியே பதிந்தால் பேஸ் அலைகள் பள்ளத்தை அகலமாக்கி இடத்தைத் தின்றுவிடும். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்து, அந்தச் சின்ன மின்சாரத்தையும் பெருக்க ஒரு போனோ ப்ரீஆம்ப் வேண்டும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு ஏற்றுவது என்ற பொதுக் கணக்கு 1954 வாக்கில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய 78கள் கொஞ்சம் மந்தமாகவோ கூர்மையாகவோ கேட்டால் பேஸ், டிரெபிள் குமிழ்களைத் திருகிக்கொள்ளுங்கள், அது பிளேயரின் கோளாறு இல்லை.

நான் சொன்ன பிளேயருக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும். 'லைன்' என்று வைத்தால் ஏயூஎக்ஸில் செருகலாம். ஆம்ப்ளிபையரில் போனோ துளை இருந்தால் சுவிட்சையும் 'போனோ'வில் வையுங்கள். லைனில் வைத்து போனோவில் செருகினால் ஸ்பீக்கர் கரகரவென்று கத்தும்.

பெட்டி பிளேயர் வேண்டாம். பார்க்க அழகுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலும் இருப்பது செராமிக் என்ற மலிவு வகைக் கார்ட்ரிட்ஜ், எடையைச் சரிசெய்ய வழியில்லை, எல்.பி.யின் மேலும் நாலைந்து கிராம் அழுத்தும். ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் அதிர்ந்துகொண்டிருக்கும். திரும்ப வாங்க முடியாத தட்டுகளை வைத்துக்கொண்டு அதில் கை வைக்காதீர்கள்.

ஜப்பான் பிளேயர் விஷயம் வேறு. எழுபது, எண்பதுகளில் அவர்கள் செய்த பிளேயர்களின் கட்டுமானத்தை இந்த விலையில் புதிதாக வாங்க முடியாது, அதனால் சபலம் தட்டுவது நியாயம்தான். முதலில் பின்புறத் தகட்டைப் பாருங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் நம் ஊர் பிளக்கில் நேராகச் செருகிய நிமிடமே புகைதான். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், ஜாலான் பசார் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் என் மச்சான் ஏமாந்தார். டிரான்ஸ்பார்மர் போட்டும் பாட்டு இழுத்தது, பாடகி ஆண் குரலில் பாடினார். ஜப்பானின் மேற்குப் பகுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அலை), நமக்கு 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. ஹெர்ட்ஸை நம்பிச் சுழலும் பழைய பெல்ட் பிளேயர் 33⅓க்குப் பதில் 28க்கும் குறைவாகச் சுற்றும், சுருதி சுமார் ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். 50க்கான புல்லி (பெல்ட்டை ஓட்டும் சிறு சக்கரம்) கிடைத்தால் சரியாகும். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றி, குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் காக்கும் டைரக்ட் டிரைவ் பிளேயருக்கு இந்தத் தலைவலி இல்லை. எதுவானாலும் உங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். முள் தேய்ந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு புது முள்ளின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பல வருடம் மூடிக்கிடந்த அலமாரி என்றால் கட்டாயம் இருக்கும். எல்.பி.க்கு டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி, பள்ளத்தின் வாக்கிலேயே துடைத்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டர். லேபிள் நனையக்கூடாது. 78களை ஆல்கஹால் கலந்த எதனாலும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவியவரையும் பார்த்திருக்கிறேன். பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலாயிற்று.

ஸ்பீக்கர் நிற்கும் அலமாரியின் மேலேயே பிளேயரை வைக்காதீர்கள், பேஸ் அதிர்வு முள்ளுக்கு ஏறி ஊளையிடும். அசையாத கனமான மேசை, மேலே ஒரு ரசமட்டம். எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணளவை நம்ப வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அப்பாவுக்குப் பிடித்த தட்டை முதலில் போட்டுவிடாதீர்கள். இருப்பதிலேயே கீறல் விழுந்த எல்.பி. ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் ஓட விடுங்கள். எங்காவது தவறு செய்திருந்தால் அந்தத் தட்டோடு போகட்டும்.