பழைய நாவலை மேடை நாடகமாக்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது?

எங்கள் விஷயத்தில் முதலில் விட வேண்டியிருந்தது கதையின் ரகசியம். அதை அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சிங்கப்பூரில் நாங்கள் ஒரு சின்னக் குழு. எல்லாருக்கும் பகலில் வேலை. இரண்டு பையன்கள் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்தார்கள். வெள்ளிக்கிழமை முகாமிலிருந்து வந்தால்தான் ஒத்திகை. கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ எடுத்தோம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், இது மூன்றுதான். உரிமைத் தொல்லையும் இல்லை: இங்கே ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. கல்கி 1954இல் மறைந்தார், 2024 முடிவோடு அது தீர்ந்தது.

கதையில் ஒரு சிவனடியார். போர்க்களத்தில் சாகக் கிடக்கும் சோழ ராஜா பார்த்திபனிடம், உன் மகனை வீரனாக வளர்க்கிறேன் என்று வாக்குக் கொடுப்பார். நீங்கள் யார் என்று கேட்டால் ஜடையையும் தாடியையும் எடுத்துக் காட்டுவார். பார்த்திபன் பார்த்துவிடுவான், கல்கி நமக்கு மட்டும் காட்டமாட்டார். அவர்தான் பகைவர் நரசிம்ம பல்லவர் என்பது கடைசியில்தான் உடையும். (படிக்காதவர்கள் மன்னிக்க. 1941இல் தொடங்கிய தொடர்கதை, இனியும் என்ன மறைப்பது!)

காகிதத்தில் இது நிற்கும். அங்கே முகமும் இல்லை, குரலும் இல்லை. மேடையில் இரண்டும் உண்டே! சமூக மன்ற அறையில் முதல் முழு ஒத்திகை. வள்ளியாக நடித்த பெண்ணின் பாட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். பல்லவ ராஜா வந்து ஒரு வரிதான் பேசினார். “ஐயே, இவரு அந்தச் சாமியாருல்ல?” என்றார் பாட்டி, அறைக்கே கேட்கும்படி. ராஜாவும் சிரித்துவிட்டார்.

இரண்டு வேடத்துக்கும் இரண்டு நடிகர் போடலாமா என்று யோசித்தோம். கடைசியில் தாடியை எடுத்தால் வேறொருவர் முகம் தெரியும். பார்ப்பவரை ஏமாற்றுகிற வேலை அது. கடைசியில் தலைகீழாக்கினேன். முதல் காட்சியிலேயே நரசிம்மர் கண்ணாடி முன் உட்கார்ந்து, பசை தடவி, தாடியை ஒட்டிக்கொள்கிறார். ஒன்றும் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு நாடகமே வேறாகிவிட்டது. பல்லவருக்கு அடங்கமாட்டேன் என்று காஞ்சியில் நிமிர்ந்து நிற்கும் பார்த்திபன் மகன் விக்கிரமனை, ராஜா தீவாந்திரம் அனுப்பும் (தீவுக்கு நாடுகடத்தும்) காட்சி. படிக்கும்போது நமக்கு விக்கிரமன் மேல்தான் இரக்கம். மேடையில் எல்லார் கண்ணும் தண்டனை சொல்கிறவர் மேல் இருந்தது. அரங்கேற்றத்துக்கும் அதே பாட்டி வந்திருந்தார். இந்த முறை மெதுவாக, “பாவம், அவரு யாருகிட்ட போய்ச் சொல்லுவாரு” என்றார்.

மொழியில் நான் தடுமாறினேன். பையன்கள் வசனத்தைக் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் மனப்பாடம் செய்தார்கள். “அண்ணே, வாயில நிக்கமாட்டேங்குது” என்றதும் எல்லாவற்றையும் பேச்சுத்தமிழாக்கினேன். ராஜா அடுக்குமாடி புளோக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டார். திரும்ப அரசவைக்குக் கல்கியின் தமிழையே வைத்து, படகோட்டி பொன்னனுக்கும் அவன் மனைவி வள்ளிக்கும் மட்டும் பேச்சுத்தமிழ் விட்டேன். காவிரி வருணனை மொத்தமும் போய்விட்டது. பொன்னன் கையில் ஒரு மூங்கில் கழி, அவ்வளவுதான் ஆறு.

நீளத்துக்கு எனக்குக் கிடைத்த நல்ல அளவுகோல், திரையில் ஆங்கில வரிகள் ஓட்டிய பெண். எந்த வசனம் இரண்டு வரிக்குள் அடங்கவில்லை என்று அவர் முனகினாரோ அதையெல்லாம் வெட்டினேன். எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்தேகாலுக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் எம்ஆர்டி ரயிலை நினைத்துக் கைக்கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பிரதியைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள், நாடகம் போடும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்பார்கள்.

மூன்றாம் பாகத்தில் நரபலி கேட்டு வரும் கபால பைரவர் கூட்டத்தையும் அடியோடு தூக்கிவிட்டேன். கல்கி பக்தர் ஒருவர் இன்னும் என்னைத் தேக்கா சந்தையில் பார்த்தால், “பைரவர் எங்கய்யா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்.