நாய்க்குட்டிக்கு ஒரே தடுப்பூசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்?

இரண்டு மாதக் குட்டிக்கு ஊசி போட்ட பிறகும் மறுபடி வரச் சொல்கிறார்களே, அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம்தான். சீம்பாலோடு தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டிக்கு வந்துவிடுகின்றன. நோயைத் தடுக்கும் அதே பொருள் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அது எப்போது வற்றும்? ஒரு குட்டிக்கு 8 வாரத்தில், இன்னொன்றுக்கு 14 வாரத்தில். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை போடுகிறார்கள். கடைசி ஊசியைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அதுவரை பிற நாய்கள் நடமாடும் மண்ணில் இறக்கிவிடாதீர்கள். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப்பேதியும் வரவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதற்காக அறைக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போய், பஸ் இரைச்சலையும் குடை விரிவதையும் காட்டுங்கள். உலகத்தோடு பழகும் வயது அது. வாந்தியோடு ரத்தப்பேதியும் கண்டால் மட்டும், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.