வாத்தியாரைக் கேளுங்க: கிட்டமும் பாசியும்

கேள்வி (சென்னிமலை வாசகர்): எங்கள் பக்கம் ஒருமுறை அகழாய்வு நடந்தது. நாங்கள் கூடை சுமந்ததோடு சரி, ஊர்க் கதையை யாரும் கேட்கவில்லை. ஆப்பிரிக்காவில் பெரியவர்களைக் கேட்டுவிட்டுத்தான் தோண்டுவார்கள் என்கிறான் பேரன். நிஜமாங்க?

எல்லா இடத்திலும் அப்படி இல்லைங்க. அங்கேயும் கூடை சுமந்தவர்கள்தான் அதிகம். ஆனால் பேரன் சொல்வது பொய்யில்லை. தான்சானியாவில், விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில் ஹாயா மக்கள் இருக்கிறார்கள். 1970 வாக்கில் பீட்டர் ஷ்மிட் என்ற அமெரிக்கத் தொல்லியல் ஆய்வாளர் அங்கே போய், முதலில் மண்வெட்டியை எடுக்காமல் கிழவர்களோடு உட்கார்ந்தார். ருகோமோரா மாஹே என்ற அரசன் வானத்தை எட்ட இரும்புக் கோபுரம் எழுப்பச் சொன்ன கதையை அவர்கள் சொன்னார்கள். அது நடந்த இடம் என்று கட்டுருகா ஊரில் ஒரு மரத்தையும் காட்டினார்கள். மரத்தின் பெயர் கையிஜா, பொருள் ‘கொல்லுப்பட்டறை இருந்த இடம்’. பக்கத்தில் தோண்டினால், இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழைய இரும்பு வேலையின் மிச்சம்!

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. வெளியிலிருந்து மலிவான இரும்பு வந்து, ஹாயா ஊர்களில் உலை அணைந்து பல வருடம் ஆகியிருந்தது. இளவயதில் உருக்கிப் பழகிய கிழவர்கள் 1976இல் திரும்பவும் உலை கட்டினார்கள். கரையான் புற்றுமண் பிசைந்து, குழியில் சதுப்பு நிலப் புல்லை எரித்துக் கரியாக நிரப்பி, துருத்தியின் ஊதுகுழாயை உலைக்குள்ளேயே தள்ளி வைத்தார்கள். உலைச் சூட்டிலேயே குழாய் காய்வதால் காற்று சூடேறித்தான் உள்ளே போகிறது. அதுதான் சூட்சுமம் என்றார் ஷ்மிட். கிடைத்ததில் எஃகும் இருந்தது. சூட்சுமத்தைப் பற்றிப் பிறகு அறிஞர்கள் சண்டை போட்டார்கள். கிழவர்களின் கைப்பழக்கம் பொய்யாகவில்லை.

உங்கள் பக்கத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்விலும் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன, உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் அப்பாரு காட்டில் ஏர் ஓட்டும்போது கருங்கிட்டம், அதாவது இரும்பு உருக்கியபோது கழிந்த கசடு, புரளும். கையிலெடுத்தால் கல்லைவிடக் கனக்கும், ஒரு பக்கம் மட்டும் பாகு வழிந்து உறைந்த மாதிரி மினுக்கும். ஊர் ஆசாரியிடம் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சூடு பத்தலைங்க வாத்தியாரே, இதுல இரும்பு இன்னும் தங்கியிருக்குது” என்றார். அவரை அழைத்து வந்து கிட்டத்தைக் காட்டிக் கேட்ட ஆய்வாளரை நான் பார்த்ததில்லை.

1980களில் எய்ட்ஸ் ஹாயா ஊர்களைச் சூறையாடியது. கதை தெரிந்தவர்கள் பலர் அதில் போய்விட்டார்கள். பின்னால் கட்டுருகாக்காரர்களே மிச்சமிருந்ததைத் தொகுக்க இறங்கினார்கள்.

கேள்வி (காங்கயம் வாசகி): ஆப்பிரிக்கா நமக்கு எதற்குங்க? நம்மோடு என்ன தொடர்பு?

அம்மிணி, எகிப்தும் ஆப்பிரிக்காதானே! செங்கடலோரம் குசேர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் என்று தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் பெயர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அதே கடலோரம் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில் ஓர் இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு. குசேரில் 1999 முதல் தோண்டிய சவுதாம்ப்டன் பல்கலைக்கழகம் உள்ளூர்க்காரர்களையும் வேலையில் பங்காளியாக்கியது. அறிக்கை அரபியிலும் வந்தது, ஊர்க்காரர்களின் நினைவுகளைப் பதிவு செய்தார்கள், கண்காட்சியையும் குசேரிலேயே வைத்தார்கள். தன் ஊர் மண்ணில் என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்ள அந்த ஊர்ப் பையனுக்கு வழி இருந்தது. நம் பையன்களைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (பெருந்துறை வாசகர்): ஜிம்பாப்வே நாட்டில் உள்ள ‘பெரிய ஜிம்பாப்வே’ கல் மதில்களைக் கட்டியது யார்?

ஷோனா மக்களின் முன்னோர்கள். கட்டியது ஆப்பிரிக்கர்கள்தான் என்று தோண்டிப் பார்த்த ராண்டல் மெக்கைவர் 1905இல் சொன்னார், 1929இல் கேட்டன் தாம்ப்சன் என்ற ஆய்வாளர் உறுதி செய்தார். ஷீபா ராணி கட்டியது என்று அளந்த வெள்ளைக்காரர்களுக்கு அதன் பிறகும் பல வருடம் காது கேட்கவில்லை.

கேள்வி (அதே காங்கயம் வாசகி): மழை பெய்த மறுநாள் காட்டில் சிவப்புப் பாசிமணி கிடைக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

எங்கள் ஆத்தா அதைக் கன்றுக்குட்டிக் கழுத்துக் கயிற்றில் கோத்துக் கட்டுவார். சூதுபவளம் என்ற சிவப்பு மணிக்கல்லாக இருந்திருக்கும், கன்றுக்கு என்ன தெரியும்! 1878ஆம் வருடப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்து எடுத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்குச் சொல்லச் சொல்கிறது. பத்து ரூபாய்க்கு இன்று டீ கிடைக்குமா என்பது வேறு விஷயம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால், எந்தக் காடு, எந்த மூலை, கிணற்று மண்ணில் வந்ததா, மஞ்சள் வெட்டும்போது வந்ததா என்று ஒரு சீட்டில் எழுதி, பாசியோடு சேர்த்து முடிந்து வையுங்கள்.