பழைய பண்ணை வீடும் வெளிப்புற விறகுக் கொதிகலனும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் வடகிழக்கில், குறிப்பாக வெர்மான்ட்டிலும் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலும், நூறாண்டு கடந்த பண்ணை வீடுகளை வாங்கிக் குடியேறியிருக்கும் நம்மவர்கள் சிலர் விறகால் வீட்டைச் சூடாக்குவது பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். வெளிப்புற விறகுக் கொதிகலன் என்பது வீட்டுக்கு வெளியே விறகெரித்து நீரைச் சூடாக்கி, மண்ணில் பதித்த குழாய் வழியே வீட்டுக்கு அனுப்பும் கருவி. இப்பகுதியில் வெந்நீர்ச் சூடேற்று அமைப்புகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமே என் தொழில். கீழே வரும் அளவுகளும் சட்ட விவரங்களும் இந்த வட்டாரத்துக்கு உரியவை.

கேள்வி (பர்லிங்டன் அருகே, வெர்மான்ட்): வணக்கம் ஐயா. எங்களுடையது 1880-களில் கட்டப்பட்ட இரண்டு மாடி மர வீடு. குளிர்காலத்தில் 900 கேலன் எண்ணெய் செலவாகிறது. வீட்டுக்கு வெளியே வைக்கும் விறகுக் கொதிகலன் வாங்க நினைக்கிறோம். விற்பனையாளர் மணிக்கு 2 லட்சம் பி.டி.யு. தரும் கருவியைச் சொல்கிறார். அது போதுமா?

பதில்: போதுமா என்பதைவிட, அவ்வளவு தேவையா என்று பார்க்க வேண்டும். அதற்கான கணக்கு உங்கள் எண்ணெய் ரசீதிலேயே இருக்கிறது. (பி.டி.யு. என்பது ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை பாரன்ஹீட் சூடாக்கும் வெப்பம்.) ஒரு கேலன் சூடேற்று எண்ணெயில் ஏறத்தாழ 1,38,500 பி.டி.யு. வெப்பம் உண்டு. பழைய கொதிகலன் அதில் நூற்றுக்கு எண்பதை வீட்டுக்குத் தருவதாகக் கொண்டால், 900 கேலனுக்கு ஏறக்குறைய 10 கோடி பி.டி.யு. வருகிறது. பர்லிங்டன் பகுதியின் குளிர், வெப்பமூட்டு நாள் அளவில் (ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலை 65 பாகைக்கு எத்தனை பாகை குறைவோ அவற்றின் கூட்டுத்தொகை) ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 பாரன்ஹீட் பாகைகள். 10 கோடியை 7,000-ஆலும், பிறகு 24 மணி நேரத்தாலும் வகுத்தால், வெளிக்குளிர் ஒவ்வொரு பாகை கூடும்போதும் உங்கள் வீடு மணிக்கு ஏறத்தாழ 600 பி.டி.யு. இழக்கிறது என்று தெரியவரும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 10 பாகை பாரன்ஹீட்டும் உள்ளே 65 பாகையும் இருக்கும் கடுங்குளிர் இரவில்கூடத் தேவைப்படுவது மணிக்கு 45,000 பி.டி.யு.தான். குழாயில் போகும் இழப்பையும் குளியல் வெந்நீரையும் சேர்த்தாலும் 70,000-ஐத் தாண்டாது.

இதற்கு 2 லட்சம் பி.டி.யு. கருவியை வைத்தால், அது பெரும்பாலான நேரம் காற்றை அடைத்துக்கொண்டு தணலைப் புகையவிட்டபடியே கிடக்கும். அப்படிப் புகையும் விறகுதான் உட்சுவரில் கிரியோசோட் என்னும் கரிய கீலாகப் படிகிறது. புகையாகப் பக்கத்து வீட்டுக்குப் போவதும் அதுவே. மேலும் 900 கேலன் என்பது ஓட்டைகள் நிறைந்த வீட்டின் கணக்கு. ஓட்டைகளை அடைத்த பிறகு தேவைப்படும் கருவி இன்னும் சிறியதாகிவிடும் என்பதால், கொதிகலனுக்கு முன்பணம் கொடுக்கும் முன் வீட்டைப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (அதே வாசகர்): வீட்டைப் பார்ப்பது என்றால் எங்கிருந்து தொடங்குவது? ஜன்னல்களை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: ஜன்னல்கள் கடைசியில் வரட்டும். வெப்பக் காற்று மேலே ஏறிப் பரண் வழியாக வெளியேறும்போது, அதே அளவு குளிர்க் காற்றை நிலவறையின் இடுக்குகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எனவே முதலில் அடைக்க வேண்டியவை வீட்டின் மேல் நுனியும் கீழ் நுனியும்தான். பரணில் புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளி, மின்கம்பிகள் ஏறிவரும் துளைகள், பரணுக்கு ஏறும் வாசலின் மூடி ஆகியவற்றை அடைத்த பிறகே வெப்பம் காக்கும் பஞ்சு பரப்ப வேண்டும். புகைபோக்கியைத் தொடும் இடத்தில் தகரத்தையும் தீ தாங்கும் பூச்சையும் மட்டுமே பயன்படுத்துங்கள். கீழே, கருங்கல் அடித்தளத்தின் மேல் மரச்சட்டம் அமரும் விளிம்பில் கையை வைத்துப் பாருங்கள். காற்றடிக்கும் நாளில் அது எங்கே நுழைகிறது என்பது தானே தெரியும். முறையாகச் செய்ய வேண்டுமானால், வாசலில் விசிறி பொருத்திக் காற்றை உறிஞ்சிக் கசிவை அளக்கும் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

1880-களின் வீடு என்பதால் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. அக்காலச் சுவர்களில் பல, நிலவறையிலிருந்து பரண் வரை தடுப்பே இல்லாத வெற்றுக் குழிகளாகக் கட்டப்பட்டவை. குளிர்க் காற்று மட்டுமன்றித் தீயும் அவ்வழியே நொடியில் மேலேறும் என்பதால், இரு முனைகளையும் கட்டாயம் அடைக்க வேண்டும். பீங்கான் குமிழ்களில் கட்டிய பழைய மின்கம்பிகளில் இன்னும் மின்சாரம் ஓடுமானால் அவற்றின் மேல் பஞ்சைப் போர்த்தக் கூடாது; முதலில் மின்பணியாளரை அழையுங்கள். பரணில் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் சிறு கற்கள் போன்ற பொருள் கொட்டிக் கிடந்தால் அது வெப்பம் காக்கக் கொட்டிய வெர்மிகுலைட் என்னும் கனிமமாக இருக்கலாம். மான்டானா மாநிலத்தின் லிப்பி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதைக் கிளறாமல் வல்லுநர்களிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி (போட்ஸ்டாம், நியூயார்க்): சாதாரண வெளிப்புறக் கொதிகலனுக்கும் வளிமமாக்கும் கொதிகலனுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? விலை வேறுபாடு பெரிதாக இருக்கிறதே.

பதில்: நம் ஊர்க் குளியலறைகளில் இருந்த செப்பு பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவே நெருப்பு, சுற்றிலும் நீர். பழைய வகை வெளிப்புறக் கொதிகலனும் அதே அமைப்புதான், அளவு மட்டுமே பெரிது. நெருப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீர் இருப்பதால் சுவர் குளிர்ந்தே இருக்கிறது. விறகிலிருந்து எழும் வளிமங்கள் பற்றிக்கொள்ளும் அளவுக்கு வெப்பம் சேர்வதில்லை. அவை எரியாமலே புகையாகப் போகின்றன. வளிமமாக்கும் கருவியில் அந்த வளிமங்களை விசிறி கீழ்நோக்கித் தள்ளி, தீச்செங்கல் பதித்த தனி அறையில் புதிய காற்றுடன் கலந்து, ஆயிரம் செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் எரிக்கிறது. வெப்பம் நீருக்கு மாறுவது அதற்குப் பிறகுதான்.

எண்களில் சொன்னால், ஒரு கார்டு (128 கன அடி அடுக்கு) காய்ந்த மேப்பிள் விறகில் ஏறத்தாழ 2.4 கோடி பி.டி.யு. உண்டு. நூற்றுக்கு நாற்பது மட்டுமே வீட்டுக்குத் தரும் பழைய கருவியில் அது சுமார் 87 கேலன் எண்ணெய்க்கு ஈடாகும். அறுபத்தைந்து தரும் நல்ல கருவியில் 140 கேலனுக்கு ஈடாகும். 900 கேலன் செலவாகும் வீட்டுக்கு முன்னதில் பத்து கார்டுக்கு மேல் வேண்டும், பின்னதில் ஆறரை கார்டு போதும். வெட்டிப் பிளந்து அடுக்கிச் சுமப்பவர் நீங்களே என்றால் அந்த நான்கு கார்டுகளின் மதிப்பை உங்கள் முதுகு அறியும்.

இடமும் பணமும் அனுமதித்தால் 1,000 கேலன் வெந்நீர்த் தொட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நீர் 180 பாகை பாரன்ஹீட்டிலிருந்து 120-க்கு இறங்கும்போது 5 லட்சம் பி.டி.யு. தருகிறது. மேலே சொன்ன வீட்டுக்குச் சராசரிக் குளிர்கால நாளில் அது ஏறத்தாழ 20 மணி நேரத் தேவை. நாளுக்கு ஒருமுறை முழு வீச்சில் எரித்துவிட்டு, தீ தானே அணைய விடலாம். புகையவிட வேண்டிய அவசியமே எழாது.

கேள்வி (செயின்ட் ஆல்பன்ஸ், வெர்மான்ட்): முந்தைய உரிமையாளர் வைத்த கொதிகலன் வீட்டிலிருந்து 150 அடி தள்ளி இருக்கிறது. எவ்வளவு விறகு போட்டாலும் வீடு சூடாகவில்லை. கொதிகலனை மாற்ற வேண்டுமா?

பதில்: பனி பெய்த மறுநாள் காலையில் வெளியே சென்று பாருங்கள். கொதிகலனிலிருந்து வீடு வரை பனி உருகி ஒரு கோடு தெரிந்தால், உங்கள் விறகு சூடாக்குவது மண்ணைத்தான்.

உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. குழாய் கொதிகலனை விட்டு வெளியேறும் இடத்திலும் வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் வெப்பமானி வைத்து ஒரே நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 10 கேலன் ஓடும் குழாயில் ஒரு பாகை பாரன்ஹீட் குறைவது மணிக்கு 5,000 பி.டி.யு. இழப்பதற்குச் சமம். நான்கு பாகை குறைந்தால் 20,000 பி.டி.யு. போகும் வழியிலேயே தொலைகிறது. திரும்பும் குழாயின் இழப்பு அதற்கு மேல். சிறிய வீடு ஒன்றையே சூடாக்கப் போதுமான வெப்பம் அது.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். மலிவான வகையில் பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாய்களைக் குமிழித்தாளில் சுற்றி நெளிவுக் குழாய்க்குள் நுழைத்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அதற்குள் நிலத்தடி நீர் புகுந்துவிடுகிறது. நீரில் மூழ்கிய பிறகு எந்தச் சுற்றும் பயன்படாது. பாலியூரிதேன் நுரை குழாயோடு ஒட்டி நிரம்பிய, தொழிற்சாலையில் செய்த குழாயை வாங்கிப் பதியுங்கள். அல்லது பள்ளத்தில் கிடத்திய குழாய்களின் மேல், நீர் புகாத மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரையைத் தெளிக்கச் சொல்லுங்கள். அடிக்கணக்கில் விலை அதிகம்தான். ஆனாலும் இந்த வேலையில் நான் யாரையும் சிக்கனம் செய்ய விடுவதில்லை, ஏனெனில் உறைந்த மண்ணை மறுபடி தோண்டும் செலவு அதைவிடக் கூடுதல். இதைச் சரி செய்யும் வரை கொதிகலனை மாற்றாதீர்கள்.

கேள்வி (சரானக் லேக், நியூயார்க்): விறகு விற்பவர் "காய்ந்தது" என்று கொடுத்தது சீறுகிறது, புகைகிறது. எப்படிச் சோதிப்பது? எத்தனை நாள் காய வேண்டும்?

பதில்: கட்டையின் வெளிமுகத்தை அளந்தால் ஏமாறுவீர்கள். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாக வெளிப்பட்ட உள்முகத்தில் ஈரமானியின் ஊசிகளைக் குத்துங்கள். நூற்றுக்கு இருபதுக்குக் கீழே காட்ட வேண்டும். மேப்பிள் மரத்தை வசந்தத்தில் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட அடுக்கினால் ஓராண்டில் தேறும். ஓக் மரத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகக் கணக்கிடாதீர்கள். ஆகவே இந்தக் குளிர்காலத்து விறகைச் சென்ற ஆண்டே வாங்கியிருக்க வேண்டும்.

பச்சை விறகின் எடையில் பாதிக்கு அருகில் நீராக இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அது பெரிய இழப்பன்று. உண்மையான இழப்பு, நீராவி தீயைக் குளிரவைப்பதால் வளிமங்கள் எரியாமல் போவதில் இருக்கிறது. வளிமமாக்கும் கருவி ஈர விறகில் ஓடவே மறுக்கும்.

உங்கள் பகுதியில் ஆஷ் மரங்கள் பட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஒன்று அவற்றை அழித்து வருகிறது. ஆஷ் அருமையான விறகு, பச்சையிலேயே ஈரம் குறைவு. ஆனால் நின்றபடி பட்ட ஆஷ் மரம் எதிர்பாராமல் முறிந்து விழும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் அதை வெட்டப் போகாதீர்கள். வண்டு பரவாமலிருக்க, பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டு செல்வதை நியூயார்க் மாநிலம் தடை செய்திருக்கிறது.

கேள்வி (ரட்லாந்து, வெர்மான்ட்): வீட்டில் பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் இருக்கின்றன. அவற்றையே இணைக்கலாமா?

பதில்: ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் எத்தனை குழாய்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரே குழாயும், பக்கத்தில் காற்றைச் சீறி விடும் சிறு வால்வும் இருந்தால் அது நீராவி அமைப்பு; வெளிப்புறக் கொதிகலனின் வெந்நீர் அதற்கு உதவாது. வெந்நீர் அமைப்பாக இருந்தால் உங்களுக்கு நல்வாய்ப்பு. பரப்பு பெரியது என்பதால், ஓட்டை அடைத்த வீட்டில் 140 பாகை நீரே பெரும்பாலான நாட்களுக்குப் போதுமாக இருக்கும்.

வெளிப்புறக் கொதிகலன்களில் பல அழுத்தமின்றிக் காற்றுக்குத் திறந்த அமைப்பு, வீட்டினுள் இருப்பதோ அழுத்தத்தில் ஓடுவது. இரண்டின் நீரும் கலக்காதபடி இடையில் தகட்டு வெப்பமாற்றி வைக்க வேண்டும். எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றிவிடாதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டைக் காப்பது அதுதான். கொதிகலனுக்குத் திரும்பும் நீர் 140 பாகைக்குக் கீழே போகாதபடி கலப்பு வால்வு ஒன்று அவசியம், இல்லையெனில் உட்சுவரில் அமிலநீர் வியர்த்து எஃகை அரிக்கும். துரு தடுப்பு மருந்தை நீரில் கலந்து, ஆண்டுக்கொருமுறை சோதித்துப் பாருங்கள்.

கேள்வி (பிளாட்ஸ்பர்க், நியூயார்க்): மின்சாரம் போனால் என்ன ஆகும்?

பதில்: பம்பு நிற்கும், வீட்டுக்கு வெப்பம் வராது. 1998 ஜனவரியில் உங்கள் பகுதியைத் தாக்கிய பனிக்கட்டி மழையில் பல வீடுகள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. பம்பும் விசிறியும் சேர்ந்து 100 வாட் எடுத்தால் ஒரு நாளுக்கு 2.4 கிலோவாட் மணி தேவை. சிறிய ஜெனரேட்டரோ, தூய சைன் அலை இன்வெர்ட்டருடன் கூடிய மின்கலமோ அதைச் சமாளிக்கும். தீ அணைந்தாலும் பம்பை ஓடவிடுங்கள். எண்ணெய்க் கொதிகலனின் வெப்பம் தகட்டு மாற்றி வழியே பின்னோக்கிச் சென்று வெளிக்குழாய்கள் உறையாமல் காக்கும். உறைதடுப்பு நீர்மம் சேர்ப்பதானால் புரோப்பிலீன் கிளைகால் மட்டுமே. காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு.

கேள்வி (மான்ட்பீலியர், வெர்மான்ட்): கோடையிலும் குளியல் வெந்நீருக்கு ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துத் தரும் வெப்ப ஏற்றி (heat pump) வகை மின்சார வெந்நீர்த் தொட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (இதாகா, நியூயார்க்): பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிறது. நான் கொதிகலன் வைப்பது முறையா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: நியூயார்க்கில் 2011 ஏப்ரல் முதல் புதிதாக வைக்கும் வீட்டு அளவுக் கொதிகலன் எல்லைக் கோட்டிலிருந்து 100 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், புகைபோக்கி தரையிலிருந்து 18 அடியாவது உயர வேண்டும். 2020 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் விற்கப்படும் புதிய கருவிகள், பத்து லட்சம் பி.டி.யு. வெப்பத்துக்கு 0.10 பவுண்டு புகைத் துகள் என்ற கூட்டரசு வரம்புக்குள் இருக்க வேண்டும். ஊராட்சிகள் இதைவிடக் கடுமையான விதிகளை வைத்திருக்கக்கூடும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சட்டத்தின் அளவுகோல் அந்தக் குழந்தையின் நுரையீரலுக்குப் போதுமானதன்று. உங்கள் வீடு பள்ளத்தாக்கில் இருந்தால், காற்றில்லாத குளிர்ந்த இரவுகளில் மேலே சூடான காற்று மூடியாகப் படிந்து, புகை தரையோடு தங்கிவிடும். 18 அடிப் புகைபோக்கி அங்கே உதவாது. அத்தகைய இடத்தில், அதுவும் அண்டை வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால், வைக்காதீர்கள் என்றே சொல்வேன். ஓட்டைகளை அடைத்து, வெப்ப ஏற்றி பொருத்துங்கள். மேட்டு நிலமும், நல்ல இடைவெளியும், வெந்நீர்த் தொட்டியோடு கூடிய வளிமமாக்கும் கருவியும், ஓராண்டு முன்கூட்டியே காய்ந்த விறகும் உங்களிடம் இருந்தால், முதலில் அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் போய்ப் பேசுங்கள். குப்பையையும், ரசாயனம் ஏற்றிய பலகையையும், ஒட்டுப்பலகையையும் ஒருபோதும் எரிக்க மாட்டேன் என்று அவர்களிடம் வாக்குக் கொடுங்கள். புகை வந்தால் எந்த நேரமும் உங்களை அழைக்கலாம் என்று தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.