தமிழ் பட்டனைக் காணோமா? ஃபார்மேட் அடிக்க வேண்டாம்!

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். தமிழ் 99 முறையில் டைப் செய்து பழக்கம். டாஸ்க்பாரில் கடிகாரத்தை ஒட்டி மொழி மாற்றும் பட்டன் ஒன்று இருக்கும். லீவுக்கு வந்த பேரன் கேம் விளையாடிவிட்டுப் போனதிலிருந்து அதைக் காணவில்லை. கடையில் கேட்டால் ஃபார்மேட் அடிக்கணும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

ஃபார்மேட் எல்லாம் வேண்டவே வேண்டாம் ஐயா. பத்து நிமிட வேலை இது.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே ஸ்பேஸ்பாரைத் தட்டுங்கள். இங்கிலீஷ், தமிழ் என்று ஒரு சின்னப் பட்டியல் திரையில் எட்டிப் பார்த்தால் கீபோர்டு பத்திரமாக இருக்கிறது, பட்டன் மட்டும்தான் ஒளிந்திருக்கிறது. பட்டியலில் தமிழே இல்லையென்றால் தமிழ் கீபோர்டையே யாரோ நீக்கிவிட்டார்கள். ஒரே ஒரு கீபோர்டு இருந்தால், மாற்றுவதற்கு வேறெதுவும் இல்லையே என்று விண்டோஸ் அந்தப் பட்டனைக் காட்டாது.

பேரன் விளையாடியதாகச் சொல்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அங்கேதான். இடப்பக்க ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். கேம்களில் இந்த இரண்டு கீகளுக்கும் ஓயாத வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கீபோர்டு தமிழுக்குத் தாவினால் ஆள் நின்ற இடத்தில் நின்றுவிடுவான், எதிரி சுட்டுவிடுவான். கடுப்பில் தமிழையே தூக்கியிருப்பான். நான் பார்த்த வீடுகளில் பாதிக் கதை இதுதான்.

அப்படியானால் செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'லாங்குவேஜ்' போய், 'ஆட் எ லாங்குவேஜ்' கொடுத்துத் தமிழைச் சேருங்கள். தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை என்று நாடுவாரியாக இருக்கும், இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை டிஸ்ப்ளே மொழியாக வைக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெனுக்கள் எல்லாம் தமிழுக்கு மாறி, எந்தப் பெயர் எங்கே போனது என்று நீங்களே தேட வேண்டியிருக்கும். அப்புறம் முக்கியமான இடம்: தானாக வந்து உட்காரும் கீபோர்டு நீங்கள் பழகியதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ் என்பதைக் கிளிக் செய்து 'ஆப்ஷன்ஸ்' திறந்து, 'ஆட் எ கீபோர்டு' வழியாகத் தமிழ் 99-ஐச் சேர்த்து மற்றதை நீக்கிவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு, எழுத்து தப்புத் தப்பாக விழுகிறது என்று மறுபடி எழுதுபவர்கள் நிறையப் பேர்.

சரி, பட்டியலில் தமிழ் இருக்கிறது, பட்டன்தான் இல்லை என்றால்? டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக், 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்', கீழே இறங்கினால் 'டர்ன் சிஸ்டம் ஐகான்ஸ் ஆன் ஆர் ஆஃப்'. அதில் 'இன்புட் இண்டிகேட்டர்' ஆஃபில் இருந்தால் ஆன் செய்யுங்கள், முடிந்தது. அது ஏற்கெனவே ஆனில் இருந்தால், ஸ்டார்ட் மெனு தேடலில் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறங்கள். அங்கே 'டெஸ்க்டாப் லாங்குவேஜ் பார்' என்று ஒரு டிக் கட்டம் உண்டு. பழைய விண்டோஸில் இருந்த மிதக்கும் பட்டையைக் கொண்டுவருவது அது. டிக் விழுந்திருந்தால் புதுப் பட்டன் ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் பழைய பட்டையும் 'ஹிடன்' என்று வைக்கப்பட்டிருந்தால் இரண்டுமே இல்லாமல் போகும். டிக்கை எடுத்துவிடுவதுதான் சுலபம். பழைய பட்டைதான் பிடிக்கும் என்பவர்கள் பக்கத்திலுள்ள 'லாங்குவேஜ் பார் ஆப்ஷன்ஸ்' போய் 'டாக்டு இன் த டாஸ்க்பார்' என்று வைத்துக்கொள்ளலாம்.

தேடல் கட்டத்திலேயே எழுத்து விழவில்லையா? அப்போது விஷயம் வேறு. மொழிப் பட்டன், டைப்பிங் இரண்டையும் பின்னாலிருந்து கவனிக்கும் சிடிஎஃப்மான் என்ற சின்ன புரோகிராம் ஓடாமல் நின்றிருக்கும். விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் சி, டி, எஃப், எம், ஓ, என் என்று அடித்து என்டர் தட்டுங்கள். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று வரும் கிளீனர் மென்பொருள்கள் இதை நிறுத்திவைப்பது உண்டு, அந்த மாதிரி ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் தூக்க வேண்டும்.

ஒருவேளை நீங்கள் என்ஹெச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்ற தனி டைப்பிங் மென்பொருள் ஒன்றில்தான் தமிழ் அடித்து வந்தீர்கள் என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அந்தப் பட்டன் விண்டோஸுடையதே அல்ல. கடிகாரத்துக்கு இடப்பக்கம் மேல்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள். உள்ளே இருந்தால் மவுஸால் பிடித்து வெளியே இழுத்துவிடுங்கள்.

பட்டன் திரும்பியதும், அடுத்த லீவுக்கு முன்னால் அதே 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' பக்கத்தில் 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' திறந்து, 'சேஞ்ச் கீ சீக்வென்ஸ்' போய், மொழி மாற்றும் ஆல்ட்-ஷிஃப்ட் இணைப்பை 'நாட் அசைன்டு' என்று வைத்துவிடுங்கள். விண்டோஸ்-ஸ்பேஸ் வழக்கம்போல வேலை செய்யும். பேரனும் நிம்மதியாகச் சுட்டுக்கொண்டிருப்பான்.